உன் பேரைச் சொல்லித்தான் எறியுறா

செம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்ததும்.

அன்புள்ள மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதுறது. ஆண்டவர் தயவுல இங்க நானும் உன் பொண்டாட்டி ரேஷ்மாவும் உன் மக ஜெரூஷாவும் மூணு வேளை சாப்பிட்டு நல்லாத்தான் இருக்கோம், மஸ்கட்ல உனக்கும் உடம்புக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு தெனமும் முழங்கால் போடுறேன். என்னடா போன் இருக்கும்போது அம்மா பேப்பர்ல எழுதுறாளேன்னு நினைப்ப. போன்ல நான் ஆரம்பிச்சா நீ கத்துவ, நீ கத்துனா நான் வெச்சிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுடும். அஞ்சாங்கிளாஸ் எழுத்து கோணல்மாணலா இருந்தாலும் பொறுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் படி. லீவு முடிஞ்சு மஸ்கட் திரும்புற உன் ரூம் வில்பிரட் கையில கவரை ஒட்டித்தான் குடுத்தனுப்புறேன், அவன் எதிர்ல பிரிக்காத.

இங்க மழை விட்டபாடில்ல, ஏரித் தண்ணி தெரு முனை வரைக்கும் வந்து மோட்டாரைக் கெடுத்துட்டுப் போயிடுச்சு. அஸ்தினாபுரத்துல உன் அக்கா மாடியில ஒரு ரூம் எடுத்துக் கட்டியிருக்கா, காத்து நல்லா வருது. ரேஷ்மாவுக்குக் கம்பெனில ஷிப்ட் மாத்திட்டாங்க, இடது காதுல இன்னும் இரைச்சல் நிக்கலியாம், நீ அறைஞ்ச பக்கம்தான், ஜவ்வு தானா மூடலன்னா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ரேஷ்மா சொல்லுச்சு, நான் சொல்லிட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டு மாசம் முன்னாடி உனக்கு போன்ல சந்தோஷமா ஒண்ணு சொன்னேனே, ஜெரூஷா இரும்புக் குண்டு எறியும்போது ஆல்வின்னு அடிவயித்துலருந்து கத்திட்டு எறியுது, அப்பா மேல புள்ளைக்கு எவ்வளவு பாசம் பாருன்னு. அன்னிக்கு ரூம்ல எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தியாமே, வில்பிரட் சொன்னான். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து மாவட்டப் போட்டில முன்னாடி நின்னு வீடியோ எடுப்பேன், என் பேரை என் பொண்ணு வாயால கேக்கணும்னு துடிக்கிற. ஆல்வின், நான் உனக்குத் தப்பா சொல்லிட்டேன்டா. அது பாசம் இல்ல.

அப்பா பேரை ஒரு பொண்ணு இப்படி வாயெடுத்துக் கத்துதேன்னு எனக்கே மொதல்ல ஒரு மாதிரிதான் இருந்துச்சு, ஆனா பள்ளிக்கூடத்துல தகப்பன் பேர் கேட்டா சொல்றோமில்ல, அது மாதிரி ஏதோ சட்டமா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். காலையில அவிச்ச முட்டை எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்குப் போவேன். யூனிஸ் டீச்சர்தான் பொண்ணுங்களுக்கு குண்டும் தட்டும் எறியப் பழக்குது. கழுத்துல விசில், கையில அளக்குற டேப், வாய் ஓயாம திட்டு. சோறு தின்னுட்டு வந்தியா மோந்து பாத்துட்டு வந்தியாடின்னு கேக்கும், குண்டைக் கழுத்துல ஒட்டுடி, கையால எறியாத இடுப்பால தள்ளுடின்னு டேப்பாலயே கெண்டைக்கால்ல ஒண்ணு போடும். வினிதான்னு ஒரு பொண்ணு மாமா மாமான்னு கத்திட்டு எறியும், ஓவியா கணக்கு சாரேன்னு கத்தும். எல்லாம் குடும்பத்து மேலயும் வாத்தியார் மேலயும் மரியாதை வெச்ச புள்ளைங்கன்னு நான் டீச்சர்கிட்டயே மெச்சிக்கிட்டேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரிச்சுது, அப்புறம் என் மூஞ்சியைப் பாத்துட்டு சிரிப்பை நிறுத்திடுச்சு. ஆயா, குண்டு யார் மூஞ்சியில விழணுமோ அவங்களை நெனச்சு எறிங்கடின்னு சொல்லி வெச்சிருக்கேன், அதான் அந்தப் பேருங்கன்னுச்சு. பெத்தவன் பேர் சொல்லி இரும்பை எறிய வெக்கிறியே நீ வெளங்குவியான்னு நான் கேட்டுட்டேன். நான் ஒண்ணும் பேர் எழுதிக் குடுக்கல ஆயா, எனக்கு வேண்டியது மீட்டர், மத்ததுக்கு நீங்க சர்ச்சுக்குப் போங்கன்னு விசிலை ஊதிட்டுப் போயிடுச்சு.

வீட்டுக்கு வந்து புள்ளைக்குத் தோள்ல எண்ணெய் தேய்க்கும்போது மெதுவா கேட்டேன். நீ பெல்ட்டால அடிச்சதுல பக்கிள் கிழிச்சுத் தையல் போட்ட அதே தோள்தான், அந்தக் கையாலதான் எறியுது. புள்ள தன் முடியைக் கட்டையா வெட்டிடுச்சுன்னு போன லீவுல நீ ஆடுன ஆட்டம் உனக்கு மறந்திருக்கும், குடிச்சிருந்த. நடுவுல வந்த என்னை பீரோ மேல தள்ளிவிட்ட, ரேஷ்மா முடியைக் கையில சுத்தி வாசல் வரைக்கும் இழுத்த, எதிர்வீட்டு ஞானையா வந்து உன் கையைப் பிரிச்சு எடுத்தார். புள்ளைக்கு எதுவும் மறக்கல. அது சொன்னதை அப்படியே எழுதுறேன். வட்டத்துல போய் நின்னா அவர் எதிர்ல வந்து நிக்கிறார் ஆயா, அம்மா முடியைக் கையில சுத்திக்கினு நிக்கிறார், வாயில விழணும் பல்லு கொட்டணும்னு தள்ளுவேன், விழுந்துச்சுன்னா ரெண்டடி பின்னாடி போய் நின்னுக்குவார், மறுபடியும் அவரைத் தொடணும், அதான் தூரம் ஏறிக்கினே போவுது. இப்படி சொல்லிட்டு, பசிக்குது தோசை சுடு ஆயான்னுச்சு. மொத தோசையைக் கருக விட்டுட்டேன்.

பேத்தி பெருமை எனக்கு இல்லாம இல்ல. தாம்பரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் எல்லாத்தையும் சேர்த்து நடத்துன போட்டில குண்டுல மொத இடம், தட்டுல ரெண்டாம் இடம், யார் வீட்டுப் பீரங்கி இதுன்னு ஒரு அம்மா கேட்டுச்சு, என் பேத்தின்னு எழுந்து நின்னு சொன்னேன். ஆனா போன வாரம் ஏரிக்கரை ரோட்டுல பைக்ல வந்த ஒருத்தன் இதோட துப்பட்டாவைப் பிடிச்சு இழுத்திருக்கான், ஒரே அறை, ரெண்டு பல்லு ரோட்டுல கெடந்துச்சு, அதோட விடாம கீழ விழுந்தவனை மிதிச்சுக்கிட்டே இருந்துச்சாம், கடைக்காரங்கதான் பிடிச்சு இழுத்தாங்களாம். சட்டையெல்லாம் ரத்தமா வாசல்ல வந்து நின்னுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறது, விரலை மடக்கி மடக்கி விரிக்கிறது, எல்லாம் உன் அச்சுடா. இழுத்தவனுக்கு அந்த அறை வேண்டியதுதான். மிதிச்ச மிதி அவனுக்கு விழுந்தது இல்ல, அது யாருக்குன்னு எனக்குத் தெரியும்.

அதனால நான் சொல்றதைக் கேளு. வராதன்னு சொல்ல மாட்டேன், உன் வீடு. மழையால தள்ளிப்போன மாவட்டப் போட்டி கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வெச்சிருக்காங்க, அது முடியற வரைக்கும் அக்கா வீட்டு மாடியில தங்கு. கிரவுண்டுக்கு வராத, போனைத் தூக்கிக்கிட்டு சிரிச்சுக்கிட்டு அது எதிர்ல நிக்காத. அப்ப அது என்ன பண்ணும்னு எனக்கும் தெரியாது அதுக்கும் தெரியாது. கையில இருக்குறது மூணு கிலோ இரும்பு. போட்டி முடிஞ்சு வீட்டுக்கு வா, குடிக்காம வா, மொதல்ல ரேஷ்மாகிட்டயும் புள்ளகிட்டயும் மன்னிப்புக் கேளு, அப்புறம்தான் பெட்டியைப் பிரிக்கணும். மறுபடியும் கையை ஓங்குனா இந்த வாட்டி நான் நடுவுல வந்து விழ மாட்டேன். நகர்ந்துக்குவேன். உனக்கும் அதுக்கும் நடுவுல யாரும் இருக்க மாட்டாங்க, யாருக்கு பலம் அதிகம்னு நான் தெனமும் கிரவுண்டுல பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

நேத்து அதுகிட்ட கேட்டேன், உங்கப்பன் நிஜமாவே திருந்தி வந்து நின்னா என்னடி பண்ணுவன்னு. அப்ப வேற பேர் தேடணும் ஆயா, கஷ்டம்னுச்சு. அந்தக் கஷ்டத்தை அதுக்குக் குடுடா ஆல்வின். உன்கிட்ட நான் கேக்குறது அவ்வளவுதான்.

நீ போற வழியிலயும் வர வழியிலயும் ஆண்டவர் கூட இருக்கட்டும், உன் கை யார் மேலயும் விழாம அவரே பிடிச்சுக்கட்டும். பிரஷர் மாத்திரையை விட்டுடாத, வெயில்ல வெறுந்தலையோட நிக்காத.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அம்மா,
பேபி