முகப்பில் யார் பெயர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

போன் அடித்தால் எடுக்க மாட்டாய், அதனால் கடிதம். நலமா என்று கேட்க மனசில்லை.

உன் புது ஆய்வகம் வெளியிட்ட மென்பொருளைப் பார்த்தேன். எந்தத் துகளோடு எந்தத் துகள் மோதுகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதுமாம், மிச்சக் கணக்கையெல்லாம் அதுவே போட்டுவிடுமாம். அடேயப்பா! அதை எழுதியது யாருடா? மோதலில் பிறந்த துகள் எப்படிச் சிதைகிறது என்ற கடைசிப் பகுதி மட்டும்தான் உன்னுடையது. அதையும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதினாய். முகப்பில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. என் பெயரையும் போடு. வேறொன்றும் வேண்டாம்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஆரம்பித்துவிட்டாயா? எழுதியதை யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருந்தவள் நீ. நாலு பேர் கண்ணில் படவைத்தவன் நான். "உங்க அக்கா எதையும் முடிக்கவே மாட்டாள்" என்று அத்தானே சொல்லிச் சிரிப்பாரே!

செய்தி தெரியுமா? ஒரு துகள் சிதைந்து இரண்டு ஒளித்துகள்கள் வருவதை எங்கள் கருவி அளந்திருக்கிறது. மென்பொருள் போட்ட கணக்கைப் போல் இரண்டு மடங்கு! உள்ளே ஏதோ புதுத் துகள் ஒளிந்திருக்கிறது. அடுத்த வாரம் அறிவிக்கிறோம். வயிறு எரிந்தால் தண்ணீர் குடி.

தம்பி


மார்ச் 15

தம்பி,

மண்டு! வெளியே வருகிற இரண்டும் ஒரே மாதிரித் துகள். எது முதலாவது, எது இரண்டாவது என்று பிரிக்க முடியாததால் ஒரே நிகழ்ச்சி இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். அதற்காகப் பாதியாக்க வேண்டும். அதை என் பகுதி தானாகவே செய்கிறது. உன் பகுதியைத் திறந்து பார்த்தேன். நீயும் கையால் இன்னொரு தடவை பாதியாக்கி வைத்திருக்கிறாய், அதனால்தான் கணக்கு பாதியாகக் குறைந்து நிற்கிறது. என் வேலையை நீ என்றைக்கு நம்பினாய்?

புதுத் துகளும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த ஒரு வரியை அழி, கணக்கும் கருவி அளந்ததும் பொருந்திவிடும். உன்மேல் எனக்குக் கொள்ளைக் கோபம்தான். அதற்காக நீ மேடையேறி அசிங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

அக்கா


மார்ச் 18

அக்கா,

நான் நன்றாயிருந்தால் உனக்குப் பொறுக்காது என்று தெரியும். இங்கே எல்லாரும் அதே மென்பொருளில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள், அதே விடைதான் வருகிறது. இனி இதைப் பற்றி எழுதாதே.


ஏப்ரல் 9

அம்மையீர்,

செய்தித்தாள்களில் என்னைக் கிழிகிழியென்று கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாங்கள் சொன்ன வரியை அழித்தேன். புதுத் துகள் போயே போய்விட்டது. சந்தோஷம்தானே?

இன்று ஆய்வகம் திருத்த அறிக்கை கொடுத்திருக்கிறது. "மென்பொருளில் பிழை" என்று அதில் இருக்கிறது. எந்தப் பகுதியில் என்று இல்லை. மென்பொருளை எழுதியது யார் என்று இயக்குநர் கேட்டார். முகப்பைத் திருத்திக் காட்டினேன். இப்போது அதில் தங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மென்பொருளை நம்பி ஏமாந்த ஒருவன்