டிரஸ்ஸர் வெயில்லயே நிக்கட்டும்

கேப்ரியல் ராசா, நான் கோத்தா திங்கி டவுன் சர்ச்சுக்குப் பூசைக்குப் போறேன். வேலைக்கு மொத நாளுன்னு உன்னைய எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக, அங்க மருந்து குடுத்துக் கட்டுப்போடுற டிரஸ்ஸர் மாசிலாமணி வருவான். உள்ள கூப்பிடாத! காய்ச்சலோட போன உன் தாத்தாவ, "நான் சாப்பிட்டு முடிக்கட்டும்"னு வெயில்ல நிக்க வெச்சவன் அவன். அங்கயே விழுந்தாரு மனுசன், எந்திரிக்கவே இல்ல.

இப்ப நீ படிச்சு முடிச்ச டாக்டர், அவனுக்கு மேல. இடியாப்பமும் தேங்காப்பாலும் மூடி வெச்சிருக்கேன். நிதானமா சாப்பிடு, ரெண்டாவது தடவையும் போட்டுக்க.

"அவர மன்னிச்சிரு பாட்டி"ன்னு நேத்து எனக்கே புத்தி சொன்னியே, அதெல்லாம் ஃபாதர் சொல்லட்டும், கேட்டுக்கறேன்.

இன்னொண்ணு. அவனுக்குக் கால் வீக்கமாம். நீ எளகிருவ, தெரியும். அதான் வாசல் நாற்காலிய உள்ரூம்புல வெச்சுப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல.