பாலாடையில் எழும்பிய மலை

அக்கா,

இன்று காலை பாலைக் காய்ச்சி இறக்கிவைத்துவிட்டு வாசல் கூட்டப் போனேன். திரும்பி வருவதற்குள் ஆடை படிந்திருந்தது. கை தன்னால் கரண்டியை எடுத்து ஆடையை ஓரத்திலிருந்து தள்ளியது. அது சுருங்கி மேடு கட்டியதும் உன் நினைப்பில் அழுதுவிட்டேன்.

மூணாற்றின் இந்தத் தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலிக்காரர் வீடுகளில், உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். பகலெல்லாம் சேர்ந்து கொழுந்து எடுத்தோம். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு என்னையும் இழுத்துப் போனாய். கணக்கு நம் இருவருக்குமே வேப்பங்காய். பூகோளம் உனக்குப் பிடித்துப்போனது.

பூமித் தட்டுகளின் எல்லைகள் என்ற பாடம் என் மண்டையில் ஏறவே இல்லை. நீ பால் சட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தாய்.

"இங்க பாரு ஏட்டி. ரெண்டு பக்கமும் தள்ளுனா மடிஞ்சு எழும்புதுல்லா, அதான் இமயமலை. இழுத்தா நடுவுல பொளந்து அடியில கெடக்க பாலு மேல வருதுல்லா, கடலுக்கு அடியில புதுத் தரை அப்படித்தான் உண்டாவுது."

ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகுந்தால் ஆழமான அகழியும் எரிமலையும். பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனால் மலை எழும்பாது, நிலம் கிழிந்து நடுங்கும். நீ ஒவ்வொன்றாகச் செய்துகாட்டுவதற்குள் உன் வீட்டுக்கார அண்ணன் டீ கேட்டுக் கத்த ஆரம்பித்துவிட்டார். "இருங்க, இன்னும் எரிமலை வெடிக்கல" என்றாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

நம் மலை எந்த எல்லையில் இருக்கிறது என்று வகுப்பில் கேட்டாய். எதிலும் இல்லை என்றார்கள். வெகு காலத்துக்கு முன்னால் மடகாஸ்கர் நம் நிலத்தோடு ஒட்டியிருந்ததாம். அது பிரிந்து விலகியபோது உடைந்த விளிம்பு உயர்ந்து நின்றதாம். வீட்டுக்கு நடக்கும்போது மெதுவாகச் சொன்னாய்: "விட்டுட்டுப் போனதுல மிச்சம் நின்னதுதான் நம்ம மலையாம் ஏட்டி."

தேர்வுக்கு முன்பே உனக்கு ஓய்வு வந்தது. தோட்டத்தில் வேலை முடிந்தால், பிள்ளைகள் யாரும் அங்கே வேலைக்கு இல்லையென்றால், வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். உன் மகன் தோட்ட வேலை வேண்டாமென்று திருப்பூர் போயிருந்தான். பிறந்த லயத்தின் சாவியைக் கொடுத்துவிட்டு, உன் தாத்தா எப்போதோ விட்டுவந்த கோவில்பட்டிப் பக்கத்து ஊருக்கு அண்ணனோடு லாரியில் ஏறினாய்.

"இங்க மலையே இல்ல ஏட்டி" என்பாய் போனில். "கண்ணு போய்க்கிட்டே இருக்கு, எங்கயும் முட்டி நிக்க மாட்டேங்கு. அங்க ஒருக்கா வந்து மலையப் பாத்துட்டுப் போணும்."

பொங்கலுக்கு வருவதாக இருந்தாய். அதற்குள் மூச்சிரைப்பு வந்துவிட்டது. மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டாக்டர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான், அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும்.

நீ கண்ணை மூடிவிட்டாய் என்று உன் மகன் போன் செய்ததும் ஒரு பிடி கொழுந்து கிள்ளிக்கொண்டு கிளம்பினேன். வந்து சேர்வதற்குள் வாடிப்போயிருந்தது. அதைத்தான் உன் கையில் வைத்தேன்.

திரும்பும் வழியில், போடி தாண்டியதும் பஸ் கண்ணாடியில் மலை முழுதாகத் தெரிந்தது. எத்தனையோ தடவை அந்த வழியில் போயும் நிமிர்ந்து பார்த்ததில்லை. லாரியில் போன அன்று நீ திரும்பிப் பார்த்திருப்பாய். அது மறையும்வரை பார்த்திருப்பாய்.

உன் வீட்டில் இப்போது வேறு குடும்பம். நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பால் சட்டி வைக்கும் சத்தம் கேட்டால், அக்கா என்று கூப்பிட இன்னும் வாயைத் திறக்கிறேன்.