பன்னிரண்டாம் தேதிக்குள் ஒரு கடிதம்

மார்ச் 3
அறிவியல் தேர்வில் இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. அம்மாவிடம் காட்டவில்லை. விஞ்ஞானி பெற்ற பிள்ளையா இது என்று சிரிப்பாள். இப்போது சிரிக்கிற நிலையிலும் அவள் இல்லை.

மார்ச் 5
அப்பாவின் மேனேஜர் வந்தார். நான் வைத்த பெயர் சென்ட் பாட்டில். அவர் போன பிறகும் சோபா மணக்கும். "பாப்பா நீல பஸ்லதானே போகுது? கடைசி ஸ்டாப்ல தனியா இறங்குது, பாவம்" என்றார்.
அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 8
போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அடுத்த அறையில் சண்டை. அப்பாவின் கம்பெனி தயாரிக்கும் பூச்சிமருந்து தாய்ப்பால்வரை போய்த் தங்குகிறது. அம்மாவே சோதித்துக் கண்டுபிடித்தாள். பல நாடுகள் சேர்ந்து போட்ட நச்சுப்பொருள் ஒப்பந்தத்துக்கு ஆலோசனை சொல்லும் பதினோரு விஞ்ஞானிகளில் அவளும் ஒருத்தி. குழுத் தலைவர் அனுப்பிய அறிக்கையோ "தடைசெய்யப் போதிய ஆதாரம் இல்லை" என்கிறதாம். பன்னிரண்டாம் தேதிக்குள் யாரும் எழுத்தில் மறுக்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. சும்மா இருந்தாலே சம்மதமா! யார் போட்ட விதி இது?

"நீ ஒருத்தி கத்தினா தடை வந்துடுமா? நீங்க வெறும் யோசனைதானே சொல்றீங்க?" — அப்பா.
"நாங்களே வாயை மூடிக்கிட்டா, அப்புறம் நாடுகள் எதை வச்சு சட்டம் போடும்? சொல்லுங்க." — அம்மா.

மார்ச் 11
பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார். நேற்றும் அதே கார்தான்.

மார்ச் 12
மறுப்புக் கடிதம் தயார். இரண்டு பக்கம். அம்மா என்னைக் கூப்பிட்டு, "அனுப்பட்டுமாடி?" என்றாள்.
என்னை ஏன் கேட்கணும்? காரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "வேணாம்மா, அனுப்பாதே, பயமா இருக்கு"— அழுதுவிட்டேன். என் தலையைத் தடவிக்கொண்டே அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நள்ளிரவு தாண்டியதும் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

மார்ச் 13
கார் வரவில்லை.

மார்ச் 20
அப்பாவுக்குப் பதவி உயர்வு. சென்ட் பாட்டில் எனக்கு ஒரு பேனா கொடுத்தனுப்பினார். இதை அந்தப் பேனாவால் எழுதவில்லை.

ஏப்ரல் 2
நாடுகள் கூடி, தடை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டன. டீச்சர் பேப்பரை உரக்க வாசித்தார். "பதினோரு விஞ்ஞானிகளும் ஒருமனசா சொல்லிட்டாங்க. நம்ம வகுப்புப் பொண்ணோட அம்மாவும் அதுல ஒருத்தர். கை தட்டுங்க."
தட்டினார்கள்.
"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"
வகுப்பே அமைதியாக இருந்தது. என் இரண்டு கைகளும் பெஞ்சுக்கு அடியில்.
"அப்ப சரி" என்று டீச்சர் பாடத்தைத் தொடங்கினார்.