மூன்றாவது வரிசையில் நான்

ஜனவரி 21, செவ்வாய்

கை விறைக்கிற குளிர். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு கேஸ் சிலிண்டருக்காகக் காத்திருந்தேன். சிலிண்டர் வரவில்லை. என் மனைவி தெய்வாவைப் பேட்டி எடுக்க ஒரு நிருபர்தான் வந்தார்.

வழக்கமான முதல் கேள்வி. "உங்கம்மா முதுகில் தேயிலைக் கூடை, உங்க கையில் கூடைப்பந்து. எப்படி உணர்றீங்க?"

"எங்கம்மா கூடையே தூக்குனதில்லைங்க. ஃபேக்டரியில தூள் சலிக்கிற வேலை. நாளெல்லாம் தும்மல். தும்மலுக்கும் பந்துக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருந்தா எழுதிக்குங்க" என்றாள்.

பாவம், அவர் அதையும் எழுதிக்கொண்டார். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் பிறப்பு. பன்னிரண்டு வயதில் விளையாட்டு விடுதி. தேசியப் போட்டிகளில் மூன்று தங்கம், இந்திய அணியில் ஐந்து வருஷம். இருபத்தேழு வயதில் முழங்கால் போய் ஆட்டம் முடிந்தது. பிறகு எஸ்டேட் பெண்பிள்ளைகளுக்காக ரோட்டில் மறியலுக்கு உட்கார்ந்தாள், அதற்குப் பிறகு மைக் பிடித்து மேடையில் ஊரைச் சிரிக்கவைக்க ஆரம்பித்தாள். இப்போது நீலகிரியில் தெய்வம்மா இல்லாமல் ஆண்டு விழா கிடையாது.

என்னிடம் ஒரே கேள்வி. "சாருக்கு உயரம் எவ்வளவுங்க?"

ஐந்தடி இரண்டு அங்குலம் என்றேன். ஒரு அங்குலம் கூட்டித்தான் சொன்னேன். பக்கத்தில் ஆறடி ஒரு அங்குலத்தை வைத்துக்கொண்டு நான் நியாயமாக நடந்து என்ன ஆகப்போகிறது?

ஜனவரி 26, ஞாயிறு

குன்னூரில் குடியரசு தின விழா. மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசை, நடு நாற்காலி, என் இடம்.

பாதி நிகழ்ச்சியில் அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடுவாள். "எங்கூட்டுக்காரரும் வந்திருக்காருங்க. ஏனுங்க, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க." நான் எழுந்து நிற்பேன். அவள் இன்னும் தேடுவாள். "எந்திரிங்கன்னு சொன்னேனுங்களே!" அப்போது நான், "நின்னுட்டுத்தானுங்க இருக்கேன்!"

சிரிப்பில் மண்டபம் இடிந்து விழும்.

இரண்டு விநாடி விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு விநாடியில் சொன்னால் அவசரம், மூன்றானால் ஆறிப்போகும். ஆறு வருஷமாக ஒருமுறைகூட நான் பிசகியதில்லை. இதை யாரிடம் போய்ப் பெருமையடித்துக்கொள்வது?

பிப்ரவரி 3, திங்கள்

உமா பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். எங்கள் ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு, இப்போதே என்னைவிட அரையடி உயரம். வருகைப் பதிவுக்கு அவள் எழுந்து நின்றபோது பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் என் குரலிலேயே, "நின்னுட்டுத்தானுங்க இருக்கேன்!" என்றானாம். டீச்சரும் சிரித்தாராம். குடியரசு தின நிகழ்ச்சி எல்லார் போனிலும் ஓடுகிறது.

"எங்கப்பாவைப் பார்த்து எதுக்கும்மா ஊரே சிரிக்கணும்? உனக்குக் கூச்சமாவே இல்லையா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

தெய்வா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். மேடையில் யார் என்ன கேட்டாலும் திருப்பி அடிக்கிறவள்!

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் அடுப்படியில் வைத்துக் கேட்டாள். "உங்களுக்கு வலிச்சுதுங்களா? இத்தனை வருசமா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? வலித்ததே இல்லையே. அவள் கண் கலங்க என்னைப் பார்த்தாள். யாராவது என்னை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அந்தப் பார்வைக்காகச் சொன்னேனோ?

பிப்ரவரி 8, சனி

நான்கு நாளாகக் காபி படுக்கைக்கே வருகிறது. மறுத்தால் வருத்தப்படுவாள் என்று குடித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒரு பள்ளி ஆண்டு விழா. என்னை எழுப்பிவிடும் ஜோக்கை நீக்கிவிட்டாள். நிகழ்ச்சி எடுபடவில்லை. வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்து, என் பக்கம் பார்த்து, பாதியில் விட்டாள். எந்த வார்த்தை எனக்கு வலிக்குமோ என்று பயந்து பயந்து பேசினால் யாருக்குச் சிரிப்பு வரும்?

திரும்பும்போது, "நாக்கு எழலீங்க" என்றாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கூடலூரிலிருந்து வந்த அழைப்பையும் கோத்தகிரி அழைப்பையும் வேண்டாம் என்றுவிட்டாள். இனி மேடையே இல்லையாம்.

மார்ச் 5, புதன்

எஸ்டேட்டுக்குப் போகும் சாயங்காலம் ஆறே முக்கால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வண்டி பற்றாக்குறையாம்.

அந்த பஸ் சும்மா வந்ததல்ல. தெய்வா மைதானத்தில் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளில் பதினெட்டுப் பேர் எஸ்டேட்காரர்கள். பயிற்சி முடிவது ஆறரைக்கு, முன்பெல்லாம் கடைசி பஸ் ஐந்தரைக்கே போய்விடும். மனுக் கொடுத்தாள், நடக்கவில்லை. பிள்ளைகளோடு ரோட்டில் உட்கார்ந்தாள், அதற்கும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு விழாவில், முன்வரிசையில் அதிகாரிகள் இருக்கும்போது, "எங்க எஸ்டேட்டுக்குப் பஸ்ஸு வர்றதும் சிறுத்தை வர்றதும் ஒண்ணுதானுங்க. வந்துச்சு வந்துச்சுங்கறாங்க, கண்ணால பார்த்தவங்க ஒருத்தரும் இல்லை" என்றாள். அதிகாரிகளும் சேர்ந்து சிரித்தார்கள். அடுத்த மாதம் பஸ் வந்தது.

இப்போது யார் பேசுவது?

மார்ச் 14, வெள்ளி

பேச்சி வந்திருந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். அவள் மகள் செல்விதான் இப்போதைய அணியில் சுட்டி. பஸ் இல்லாததால் செல்வி நேற்றுப் பயிற்சி முடிந்து தேயிலைக்குள் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறாள். வளைவில் காட்டெருமை. ஒரு மணி நேரம் மரத்தடியில் அசையாமல் நின்றாளாம்.

"இனிமே அனுப்ப மாட்டேங்க்கா. பந்து வேணாம், புள்ள போதும்" என்றாள் பேச்சி. வாசல் வரை போய்த் திரும்பி வந்து என்னிடம் மெதுவாக, "அண்ணே, அக்கா மைக்கைப் புடிச்சாத்தாண்ணே பஸ்ஸு வரும். நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள்.

நானாவது சொல்வதாம். சொல்லவேண்டியவனே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

நாளை சொல்கிறேன்.

மார்ச் 17

சொல்லவில்லை. காபி வந்தது. குடித்தேன். வெட்கம் கெட்டவன்.

மார்ச் 28, வெள்ளி

எங்கள் செக்‌ஷன் தனசிங் ஓய்வு பெறுகிறார். விருந்து முடிந்து குடும்பங்களோடு குரூப் போட்டோ. உடனே போனில் காட்டினார்கள். என் பக்கத்தில் யாரோ ஒரு பெண்மணி, தோள் இறங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி. யார் இது என்று ஒரு கணம் தெரியவில்லை.

தெய்வா. என் உயரத்துக்கு வர முயற்சி செய்துகொண்டிருக்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் ஒரு மாதமாகவே கூனித்தான் நடக்கிறாள். நான் கவனிக்கவில்லை, காபி குடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதில் லைன் முழுக்க அவளைக் 'குனிஞ்சு நடடி, ஒட்டகம்' என்றார்களாம். விடுதிக்குப் போன முதல் நாளே கோச் அவளைச் சுவரோடு நிறுத்தி, பின்னந்தலை சுவரில் பட நிற்கச் சொன்னாராம். தினமும் அரை மணி நேரம், நான்கு மாதம். அப்படி நிமிர்த்திய முதுகு அது. ஒரு பொய்யால் நான் அதை வளைத்துவிட்டேன்.

வீட்டுக்கு ஏறும் மேடு பூராவும் நடந்தே வந்தேன். மனசு ஆறவில்லை.

மார்ச் 29, சனி

சொல்லிவிட்டேன்.

"எனக்கு வலிக்கவே இல்லை தெய்வா. அன்னைக்குச் சொன்னது பொய்."

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"நீ ஐயோ பாவம்னு பார்த்தது... நல்லா இருந்துச்சு."

காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். அதுவரைக்கும் நல்லது.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான் விடுமுறை. நாள் முழுக்க வீட்டில்தான். மூன்று நாளாக ஒரு வார்த்தை இல்லை. உமாவே இரண்டு பேருக்கும் நடுவில் தூது: "அப்பா, சாப்பிட வரணுமாம்."

ஏப்ரல் 2, புதன்

பேசினாள். பேசவில்லை, கொட்டினாள்.

"ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமில்லைங்க. கட்டுன மனுசனையே ஊர் முன்னாடி கேவலப்படுத்தி வயிறு வளர்த்தேனேன்னு தினம் செத்தேன். பஸ்ஸு போச்சு, அந்தப் புள்ளை எருமைக்கு முன்னாடி நின்னுச்சு. உங்களுக்கு, காபியில சர்க்கரை சரியா இருந்துச்சுங்களா?"

திட்டு வாங்கினேன். எல்லாம் நியாயமானவை. அவள் குரல் ஏற ஏற முதுகும் நிமிர்வதைப் பார்த்து, திட்டு முடிய வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

கடைசியில், "அந்த ஜோக்கு இனிமே கிடையாது. உங்களுக்காக இல்லை, உமாவுக்காக" என்றாள்.

சரி என்றேன். என்னுடைய ஒரே வசனம்! இதை எழுதும்போது கொஞ்சம் துக்கமாகத்தான் இருக்கிறது. இதையாவது உண்மையாகச் சொல்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

கோத்தகிரிக்காரர்களுக்கு அவளே போன் போட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அடுப்படியில் தனியாக ஏதோ பேசிப் பார்க்கிறாள். நான் போனால் நிறுத்திவிடுகிறாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோத்தகிரி. முன்வரிசையில் அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் பதினெட்டுப் பிள்ளைகள். என் பக்கத்தில் உமா. வரமாட்டேன் என்றவளைத் தெய்வாதான் கெஞ்சிக் கூட்டி வந்தாள்.

பஸ்ஸைப் பற்றிப் பத்து நிமிடம். பழைய தெய்வா. ஓர் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதன்பின், "எங்கூட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு சொல்றேனுங்க" என்றாள். கூட்டம் அப்போதே சிரித்தது. உமா என் பக்கத்தில் இறுகிப்போனாள்.

"கல்யாணமாகி ஒரு வருசம். எனக்கு முழங்கால் ஆபரேசன். நாங்க குடியிருந்த ஊடு ரோட்டுக்குக் கீழ முப்பத்தெட்டுப் படி. ஆஸ்பத்திரிக்கு மேல ஏறி வரணும். இவரு என்னை முதுகுல தூக்கிக்கிட்டாரு."

சிரிப்பு.

"ஏறும்போது ஒண்ணும் தெரியலைங்க. இறங்கும்போது மடக்க முடியாம தொங்கற என் காலு பின்னாடி இருக்கற படியில இடிக்குது, உயிரு போகுது. இவரு என்ன பண்ணாருன்னா, அப்படியே திரும்பி, பின்பக்கமாவே இறங்குனாரு. முப்பத்தெட்டுப் படியும். பின்னாடி என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாது. நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்து 'படி... படி'ன்னு சொல்லணும். என் வாயை நம்பி காலை வைப்பாரு. மூணு மாசம். ஒரு நாளும் தப்பலீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"நாட்டுக்காக ஆடியிருக்கேன். கோல்டு வாங்கியிருக்கேன். என்னை அவ்வளவு நம்பி விளையாடுனவங்க யாருமில்லைங்க" என்றாள்.

நான் இதை எங்கேயும் சொன்னதில்லை, இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. அப்போது வேறு வழியில்லை, செய்தேன், அவ்வளவுதான். முந்நூறு பேர் சத்தமில்லாமல் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிரித்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது? மூக்கு ஒழுகியது. கைக்குட்டையைத் தேடினேன், இல்லை.

ஏப்ரல் 30, புதன்

நாளை மறுநாள் முதல் ஆறே முக்கால் பஸ் ஓடும். உத்தரவில் தற்காலிகமாக என்று எழுதியிருக்கிறார்கள். "தற்காலிகமோ எதுவோ, வரட்டும்" என்கிறாள் தெய்வா. செல்வியை அனுப்புவதாகப் பேச்சி சொல்லிவிட்டாள்.

மே 1, வியாழன்

விடுமுறை. மார்க்கெட்டுக்குப் போகும்போது உமா அந்தப் பழைய வீட்டைக் காட்டச் சொன்னாள். வாங்கிய காய்கறியோடு மூன்று பேரும் போனோம். கீழே வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். படிகள் மட்டும் அப்படியே, பாசி பிடித்து, ஒன்று உயரமும் ஒன்று குட்டையுமாக.

உமா மேல் படியில் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கையை எங்கும் பிடிக்காமல் பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு. ஆறாவது படியில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"பயமா இருக்குப்பா."

"ஏறி வந்துரு சாமி" என்றேன்.

வந்தாள். என் கையிலிருந்த காய்கறிப் பையை வாங்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரை நான் இரண்டு முறை கேட்டும் தரவில்லை.