கம்பி அப்படியே இருக்கிறது, அக்கா

என்னைத் திட்டுவதற்கென்றே பிறந்த என் தங்கமான அக்காவுக்கு,

சந்தவாசல் முதல் ஜவ்வாது மலை உச்சி வரை எரிந்துபோன மோட்டார்களுக்கெல்லாம் செம்புக் கம்பி சுற்றி உயிர் கொடுக்கும் காயில் சக்கரவர்த்தி, உன் தம்பி எழுதுவது. நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துத்தான் காதில் போட்டுக்கொள்வாய். "டேய், நீ யானைன்னா நான் ஆட்டுக்குட்டின்னு எடுத்துக்குவேன்" என்பாய். இதையும் அப்படியே படி. எங்கே வகுக்கக் கூடாது என்று நானே சொல்கிறேன்.

உன் மகள் கோமதி இப்போது மலையில் தபால்காரி. அதைப் பார்க்காமலே நீ கண்ணை மூடிவிட்டாய். ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்துபோய்த் தபால் கொடுப்பாள். அவள் நடையைப் பார்த்துக் காட்டுப்பன்றிகள் வெட்கப்படும்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியானது. அதன்பிறகு ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றாள். "இன்னாடி, இன்னொண்ணு எங்க?" என்றேன். குனிந்து பார்த்தாள். கழன்று விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் சிரித்தேன். மறுநாள் காலை அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அமிர்திக் காட்டைத் தாண்டும்வரை கார் சக்கரம் தரையிலேயே படவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் முழங்கையில் துளி கரண்ட் வைத்து, விரலுக்கு அது எவ்வளவு வேகத்தில் போய்ச் சேருகிறது என்று பார்த்தார்கள். "எத்தனி வோல்ட்டுங்க?" என்று கேட்டேன். டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொன்னார்.

பிறகு அவரே வந்து விளக்கினார். "நரம்பு மேல ஒரு உறை இருக்குங்க. வயித்துப்போக்கு கொடுத்த கிருமியை அடிக்கக் கிளம்பின உடம்போட காவல்படை, தப்பா அந்த உறையையே அடிச்சிடுச்சு. உறை இருந்தா மூளை அனுப்புற சேதி தாவித் தாவிப் போகும். இல்லன்னா ஊர்ந்து போகும், இல்ல வழியிலயே நின்னுடும்."

எனக்குப் புரிந்தது, அக்கா. உறையில் இடையிடையே சிறு இடைவெளிகள் இருக்குமாம். சேதி ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவும், வேலூரை விட்டால் திருப்பத்தூர்தான் என்று பறக்கிற எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி. உறை போனால் அதே பஸ் புளியமரத்துக்குப் புளியமரம் நின்று, நடுவழியில் டீசலும் தீர்ந்துவிடும்.

புரிந்ததுதான் வினையாயிற்று. என் கடையில் கம்பி மேல்பூச்சு போனால் காயிலே போச்சு. அறுத்தெறிந்துவிட்டுப் புதுச் செம்பு சுற்றுவேன். மனுஷிக்கு எதைச் சுற்றுவது? மூச்சுக்குப் போகிற நரம்பையும் பிடிக்கலாம் என்று வேறு சொல்லியிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அழுத அழுகையில் வறண்டு கிடக்கும் பாலாறு கரைபுரண்டது. சரி, வகுத்துக்கொள். ஒரு துண்டு நனைந்தது.

"காயில் எரிஞ்சிடிச்சிங்களா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"கம்பி அப்படியே இருக்குங்க. உறைதான் போச்சு. அது திரும்ப வளரும்."

"வார்னிஷ் யாருங்க அடிப்பாங்க?"

"அவங்க உடம்பேதான்."

இதை எந்த மோட்டாரிடம் போய்ச் சொல்வேன்? காயில் சக்கரவர்த்தி அன்று கிரீடத்தைக் கழற்றி உன் மகளின் கால்மாட்டில் வைத்தான்.

மருந்து ஏற்றினார்கள். மூச்சுக்கு ஆபத்து வரவில்லை. கால்தான் பிடிவாதம் பிடித்தது. தினமும் போய், "கட்டைவிரல் இன்னா சொல்லுது?" என்பேன். படுத்தபடியே, "காலைலயே சேதி அனுப்பிட்டேன் மாமா. இன்னும் போய்ச் சேரல. உன் தபால்காரி லீவுல இருக்கா இல்ல?" என்பாள். அந்தக் குறும்பு உன்னிடமிருந்தா, என்னிடமிருந்தா?

ஒரு சாயங்காலம் நான் கையில் பிடித்திருந்த அந்த விரல் அசைந்தது. நான் போட்ட சத்தத்தில் நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள். வாக்கரில் நடந்தாள். மாதக்கணக்கில் ஆனது. திரும்பவும் கரண்ட் வைத்துப் பார்த்தபோது சேதி வேகமெடுத்திருந்தது.

இந்த வாரம் தபால் பையோடு மலைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், காவலுக்கு என்று. உண்மையில் மூச்சு வாங்கியது எனக்குத்தான். மழை பெய்த கொல்லைச் சேற்றில் முன்னால் போனவள் சட்டென்று நின்றுவிட்டாள். என் நெஞ்சும் நின்றது.

"இன்னாம்மா?"

திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "மாமா, செருப்பு கழண்டுடிச்சு."

சேற்றில் கையை விட்டுச் செருப்பை இழுத்தெடுத்து, கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினாள். பிறகு அதை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப்போனாள்.

இதைப் பத்தால் வகுக்காதே, அக்கா. ஒன்றாலும் வகுக்காதே. நடந்தது அப்படியே இவ்வளவுதான்.

இனிமேல் எதையும் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன் என்று இந்த மலைமேல் சத்தியம் செய்கிறேன். இந்தச் சத்தியத்தை மட்டும் நீ தாராளமாக வகுத்துக்கொள்ளலாம். அவள் ஏறுகிற மலைக்கெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன் என்பதை வகுக்க வேண்டாம்.

பத்தில் ஒரு பங்கு உண்மை பேசும்,
உன் ஒரே தம்பி,
கோமதியின் தாய்மாமன்