சராசரியை இறக்கியவள்

என்னங்க,

போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

கொழும்பில் பங்குச் சந்தைக்காரர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே நீங்கள் கற்றுவந்த விஷயம், திங்கட்கிழமைதான் எனக்குப் புரிந்தது. மற்றக் கம்பெனிகள் எல்லாம் ஏறினாலும், பெரிய கம்பெனி ஒன்று விழுந்தால் மொத்தச் சுட்டெண்ணும் விழுந்துவிடும் என்றீர்களே, அதுதான்.

எங்கள் செட்டில் பத்துப் பேர். அன்றைக்கு ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு கிலோ கூடத்தான் கொழுந்து பறித்தார்கள். நாற்பது கிலோ பறிக்கிற நான் பத்தோடு நின்றுவிட்டேன். சராசரி சரிந்தது. கங்காணி தராசுச் சீட்டில் சராசரி எழுதிய கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"எல்லாருக்கும் கை மரத்துப் போச்சா? இந்தா நிக்கிறாளே, இவளப் பாத்தாவது கத்துக்குங்க!"

என்னைத்தான் காட்டினார். ஒன்பது பேரும் பார்த்த பார்வையில் தேயிலைச் செடியே கருகியிருக்கும். பக்கத்து லயத்து வீட்டு நேசராணிக்குப் பொறுக்கவில்லை.

"அவ எங்கங்க பறிச்சா? கீழ ரயில் ரோட்டத்தானே பாத்துக்கிட்டு நின்னா!"

பொய். எனக்குக் கை வலி.

தெமோதரைக்கு வருகிற ரயில் தெரியும் தேயிலை நிரையை எனக்குக் கொடுத்தது கங்காணியின் தப்பு. திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னது யாருடைய தப்பு என்று நான் எழுதப்போவதில்லை.

பிள்ளைகள் சுகம். வருகிற திங்களும் எனக்கு அதே நிரைதான். வந்து தொலையுங்கள். பாவம், ஒன்பது பேர் திட்டு வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
அந்தப் பெரிய கம்பெனி